பாட்டும் பண்ணும்

கொங்கு நாட்டில் தேவாரம் பெற்ற திருத்தலங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று அவிநாசி. அவ்வூரின் பண்டைப் பெயர் திருப்புக்கொளியூர் என்பதாகும். அங்குச் சுந்தரமூர்த்தி நாயனார் பாடியருளிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது.

அப்பதிகம் பிறந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகின்றார். சேரமான் பெருமாளைக் காணச் சென்ற சுந்தரர், வழியில் இவ்வூரை அடைந்தார். ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் எழுந்தன. காரணம் வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னர்க் குளத்தில் நீராடினர் என்றும், ஒருவனை முதலை விழுங்கிற்று என்றும், பிழைத்தவனுக்கு அன்று பூணூல் சடங்கு நிகழ்கின்றது என்றும் அறிந்தார். மகனை இழந்த பெற்றோர், தம் துயரை மறைத்து முகமலர்ந்து அவரை வணங்கினர். அதுகண்டு உருகிய சுந்தரர் குளக்கரையில் நின்று பாடினார். நான்காம் பாடல் முடியுமுன் முதலை அம்மைந்தனைக் கரையில் உமிழ்ந்தது என்பது வரலாறு.

இப்பதிகத்தின் பண் குறிஞ்சி. ஓதுவார் இதனை அரிகாம்போதி இராகத்தில் பாடுவர். சொல் உடல் என்றால் பண் உயிர் எனலாம். சொல்லை ஏட்டில் எழுதிக் காக்கலாம். பண்ணைக் காப்பது எங்ஙனம்?

மேலைநாட்டார் இதற்கு ஒரு வழி கண்டனர். ஐந்து கோடுகளின்மேல் குறியிட்டு இசையை எழுதி வைத்தனர். இங்கிலாந்தில் ஹவுஸ்மன் என்னும் புலவர், இளமையில் மடியும் வீரரைப் பற்றிக் கவிதைகள் இயற்றி 1896ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜார்ஜ் பட்டர்வொர்த் என்பவர் அவற்றுள் ஆறனுக்கு இசையமைத்தார். ஒருவர் பாட, ஒருவர் பியானோ வாசிக்குமாறு அமைந்த அப்பாடல்கள் 1911இல் வெளிவந்தன. ஐந்தாண்டு கழிந்து, 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் அவரே தம் 31ஆம் வயதில் உயிர் துறந்தார். ஆயினும் எழுதிய குறிகள் எஞ்சின. இன்றும் அப்பாடல்கள் பாடப்பெறுகின்றன.

தமிழ்நாட்டில் பண் வாழ்ந்தது மனிதர் மிடற்றில். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை அமர்த்தினான் எனக் கல்வெட்டு உரைக்கின்றது. திருமுறைகள் தொகுக்கப்பெற்ற காலத்தில் பண்முறை மறைந்திருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியே அதனை மீண்டும் வகுத்துத் தந்தாள் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஒருத்தியின் நினைவில் இருந்தமையால் ஒரு பெருஞ்செல்வம் பிழைத்தது!

அவிநாசி என்னும் சொல்லுக்கு அழிவில்லாதது என்பது பொருள். ஆயினும் பண் தானே அழியாதிருப்பதன்று. கற்பிப்பாரும் கற்பாரும் உள்ளவரையே அது வாழும். ஆதலின் மாணவர்கள் ஒரு பதிகத்தையேனும் பண்ணோடு பாடப் பயிலுதல் வேண்டும்.