1,100 கோடி ரூபாய் முனையம் ரெடி... விமானங்கள் எப்போது வரும்? திருச்சி காத்திருக்கும் மூன்று விஷயங்கள்!

உலக வரைபடத்தில் திருச்சியைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கு ஒரு கோடு, மேற்கே துபாய்க்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டுமே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்தான். எந்தப் பக்கம் கிளம்பினாலும் சுமார் நான்கு மணி நேரப் பயணம். நம்மூர் மக்கள் பிழைக்கப் போகும் இரண்டு திசைகளுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது காவிரிக்கரை நகரம்.

அதனால்தான் திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பெரும்பாலான ஊர்களில் உள்நாட்டுப் பயணிகள்தான் அதிகம் இருப்பார்கள். இங்கே பல ஆண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகளின் கை ஓங்கியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், சிவகங்கை எனச் சுற்றியுள்ள மாவட்டங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஒருவராவது இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம்.

இந்த நிலையில் இரண்டு செய்திகள் ஒரே காலகட்டத்தில் வந்தன. ஒன்று, திருச்சிக்குப் பிரமாண்டமான புது முனையம். இன்னொன்று, இந்திய விமான நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், 'இனி திருச்சிதான் அடுத்த கொச்சி' என்று பேசினார்கள். அப்படி ஆகிவிட்டதா? இல்லையென்றால் எது தடுக்கிறது?

ஸ்ரீரங்கத்து வண்ணத்தில் ஒரு முனையம்

2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் மோடி திருச்சியின் புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூன் 11-ம் தேதி முதல் அது பயணிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் சுமார் 3,500 பேரையும் கையாளும் திறன் கொண்டது.

கட்டடத்தின் அழகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலின் வண்ணங்களையும் நம் வீட்டு வாசல் கோலத்தையும் மனதில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். 236 அடி ராஜகோபுரத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளே நுழைந்ததுமே நம் ஊர் என்ற உணர்வு வந்துவிடும். 2009-ல் வந்த பழைய முனையத்தின் வரிசைகளில் நள்ளிரவு நேரத்தில் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

ஆனால், திருச்சிக்கு இப்போது வந்துபோகும் பயணிகள் ஆண்டுக்கு 20 லட்சத்தை ஒட்டித்தான். அதாவது, முனையத்தின் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு. மீதி இடம் காத்திருக்கிறது.

அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஆர்டர்!

2023 பிப்ரவரியில் டாடாவின் ஏர் இந்தியா 470 விமானங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஏர்பஸ்ஸிடம் மேலும் 100. இண்டிகோ 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஒரே கையெழுத்தில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் பிறகு நீண்ட தூரம் பறக்கும் ஏ350 ரக விமானங்களையும் பட்டியலில் சேர்த்து, அந்த எண்ணிக்கையை 60 ஆக்கிக்கொண்டது. ஆகாசா ஏர் தன் பங்குக்கு 226 போயிங் 737 மேக்ஸ் விமானங்களை ஆர்டர் செய்திருக்கிறது.

இதில் திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது போயிங் 737 மேக்ஸைத்தான். துபாய், ஷார்ஜா, மஸ்கட், சிங்கப்பூர் என நம் ஊரிலிருந்து பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு வந்து சேருவது இந்த ரகம். 2023 அக்டோபரில் இவை வரத் தொடங்கின. 2025 தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் விமானங்களின் எண்ணிக்கை 100-ஐத் தொட்டது.

முனையம் இருக்கிறது, பயணிகள் இருக்கிறார்கள், விமானங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அப்புறம் என்ன பிரச்னை? இங்கேதான் மூன்று விஷயங்கள் குறுக்கே வருகின்றன.

1. யார் இறங்கலாம்? 

ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் நினைத்த ஊரில் நினைத்தபடி இறங்க முடியாது. இரு நாட்டு அரசுகளும் போட்டுக்கொள்ளும் விமான சேவை ஒப்பந்தத்தில் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்று எழுதியிருக்கும்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு இந்தியா ஒரு சலுகை தந்திருக்கிறது. 18 சுற்றுலா நகரங்களுக்கு அந்நாட்டு விமானங்கள் தாராளமாக வந்துபோகலாம். அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கிறது. சிங்கப்பூரின் ஸ்கூட், மலேசியாவின் ஏர் ஏசியா, பாட்டிக் ஏர் என வரிசையாக இங்கே வந்ததற்கும், 2023 நவம்பரில் வியட்நாமின் வியட்ஜெட் ஹோ சி மின் நகரிலிருந்து பறந்து வந்ததற்கும் இந்தச் சலுகை பெரிய காரணம்.

வளைகுடா பக்கம் கதையே வேறு. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்று வரம்பு உண்டு. எமிரேட்ஸ் தமிழ்நாட்டில் சென்னையோடு நின்றுகொள்கிறது. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போக வேண்டுமானால் நேரடி விமானத்துக்கு இந்திய நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே, கிழக்கே போகிறவருக்குப் போட்டி இருக்கிறது. மேற்கே போகிறவருக்குப் போட்டி குறைவு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் தங்களிடம் வரும் புது விமானங்களில் எத்தனையைத் திருச்சிக்கு ஒதுக்குகின்றன என்பதுதான், பொங்கலுக்கு ஊருக்கு வரும் தொழிலாளியின் டிக்கெட் விலையை முடிவு செய்கிறது. எங்கோ பாரிஸில் கையெழுத்தான ஆர்டருக்கும் மணப்பாறைப் பக்கத்துக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

2. ஓடுபாதை 8,136 அடி

திருச்சியின் ஓடுபாதை 8,136 அடி நீளம். கோவையில் சுமார் 9,800 அடி, கொச்சியில் 11,000 அடிக்கு மேல், சென்னையின் பிரதான ஓடுபாதை சுமார் 12,000 அடி.

நம் ஊருக்கு இப்போது வரும் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் நடுவில் ஒரே ஒரு நடைபாதை இருக்கும். சுமார் 180 பேர் அமரலாம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறக்க இவற்றுக்கு இந்த நீளம் போதும். ஆனால் 300 பேரை ஏற்றிக்கொண்டு, லண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகத் தேவையான எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு கிளம்பும் பெரிய விமானத்துக்கு நீண்ட ஓட்டம் தேவை. பாரம் கூடக் கூட ஓட்டமும் கூடும்.

இதில் திருச்சி வெயிலுக்கும் பங்கு உண்டு! சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைகளுக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இன்ஜினின் உந்துதலும் குறையும். ஜனவரி அதிகாலையில் கிளம்பும் விமானத்தைவிட, கத்திரி வெயிலில் மதியம் கிளம்பும் அதே விமானத்துக்குக் கூடுதல் தூரம் தேவைப்படும்.

பாரத்துக்கும் ஓடுபாதைக்கும் உள்ள உறவை 2024 அக்டோபர் 11-ம் தேதி மாலை தமிழ்நாடே டி.வி-யில் பார்த்தது. 141 பேருடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்த விமானம், பிறகு திருச்சியிலேயே பத்திரமாகத் தரையிறங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 12 நள்ளிரவில், துபாய்க்குக் கிளம்பிய விமானம் மேலெழும்போது சுற்றுச்சுவரில் மோதி, பின்னர் மும்பையில் இறங்கிய சம்பவமும் இங்கேதான் நடந்தது. நல்லவேளை, அன்றும் உயிர்ச்சேதம் இல்லை.

ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகவே பேசப்படுகிறது. இதற்குப் பெருமளவு நிலம் தேவை. அதில் தனியார் நிலமும் உண்டு, பாதுகாப்புத் துறையின் நிலமும் உண்டு. நிலம் தருபவர்களுக்கு அது தலைமுறைச் சொத்து. நியாயமான இழப்பீடும், அது கைக்கு வரும் வேகமும் சரியாக இருந்தால்தான் அவர்களும் இந்த வளர்ச்சியில் பங்காளிகள் ஆவார்கள். முனையத்தைக் கட்டப் பணம் போதுமானதாக இருந்தது. ஓடுபாதைக்குப் பணத்தோடு பல துறைகளின் சம்மதமும் தேவைப்படுகிறது.

3. ஆர்டர் வேறு, டெலிவரி வேறு

500 விமானங்கள் என்றதும் 500-ம் நாளைக்கே வாசலில் வந்து நிற்காது. இண்டிகோவின் அந்த ஆர்டர் 2030 முதல் 2035 வரை டெலிவரி ஆக வேண்டியது. இடையில் எத்தனையோ தடங்கல்கள். பிராட் அண்ட் விட்னி இன்ஜின் பிரச்னையால் இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் பறக்காமல் நின்றன. 2024-ல் போயிங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தயாரிப்பை முடக்கியது.

விமானம் வந்தாலும் ஓட்ட ஆள் வேண்டும். 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் திட்டமிடாததால் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேவைகளை ரத்து செய்தது.

புது விமானம் வந்ததும் அது முதலில் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. விமான நிறுவனங்கள் தங்கள் தலைமை நிலையங்களைத்தான் முதலில் பலப்படுத்தும். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து நாலாபுறமும் ஆரக்கால்கள். டெல்லி, மும்பை, பெங்களூரு, சிங்கப்பூர் எல்லாம் குடங்கள். திருச்சி ஓர் ஆரக்காலின் முனை. மும்பையில் நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பரில் செயல்படத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் சாங்கி, ஆண்டுக்கு 5 கோடிப் பேருக்கான ஐந்தாவது முனையத்துக்கு 2025 மே மாதம் பணியைத் தொடங்கிவிட்டது. தன் நிறுவனம் எத்தனை விமானம் வாங்கப்போகிறது என்பதைக் கணக்குப் போட்டு விமான நிலையத்தை விரிக்கும் ஊர் அது.

நமக்கு அப்படிச் 'சொந்த' நிறுவனம் கிடையாது. அதனால் நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச் 30-ம் தேதி இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. இது பெரிய ஜெட் இல்லை, 70-80 பேர் அமரும் ஏ.டி.ஆர் விமானம். இதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டாம், ஐரோப்பாவிலிருந்து ஏ350 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உறவுகளைப் பார்க்கவும், ஸ்ரீரங்கத்தையும் சமயபுரத்தையும் தரிசிக்கவும் கடல்தாண்டி வருகிறவர்களுக்கு இந்தச் சிறிய விமானம் பெரிய உதவி.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. பெரிய விமானங்களுக்காக ஓடுபாதை நீளும்வரை காத்திருக்கும் அதே நேரத்தில், இருக்கிற ஓடுபாதைக்கு ஏற்ற விமானங்களைக் கூடுதலாகக் கொண்டுவர முடியும். பகலில் முனையத்தில் இடம் இருக்கிறது. உள்நாட்டில் இன்னும் பல ஊர்களை இணைக்கலாம். வளைகுடா நாட்டு நிறுவனங்களைத் திருச்சிக்கு அனுமதிப்பதா என்பது மத்திய அரசு ஒரு கையெழுத்தில் முடிவு செய்யக்கூடியது. இந்திய நிறுவனங்கள் வளரட்டும் என்பதற்காக அனுமதியைத் தள்ளிவைப்பதாக இருந்தால், அந்த நிறுவனங்களே திருச்சிக்குப் போதுமான சேவையைத் தர வேண்டும் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

காய்கறி, பழம், பூ வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. திருச்சியிலிருந்து இவை பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. சிறிய விமானத்தில் பெட்டிகள் ஏறிய பிறகு மிஞ்சும் இடம்தான் சரக்குக்கு. விமானங்கள் கூடினால் அந்த இடமும் கூடும்.

பயணம் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு...

* சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறீர்களா? முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையது.

* பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா, இடையில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா என்பதைத் திருச்சி கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

* வளைகுடாவிலிருந்து பண்டிகைக்கு வருகிறவர்கள் விடுமுறை உறுதியானதுமே டிக்கெட் போடுவது நல்லது. இருக்கைகள் குறைவான பாதையில் கடைசி நேர விலை கடுமையாக ஏறும்.

2024-ல் திருச்சிக்கு வாசல் கிடைத்துவிட்டது. அந்த வாசலில் கோலமும் போட்டாயிற்று. இனி நீளமான ஓடுபாதையும், இறங்கும் அனுமதியும், நமக்கென ஒதுக்கப்படும் விமானங்களும் வர வேண்டும். அடுத்த முறை 'இத்தனை நூறு விமானங்களுக்கு ஆர்டர்' என்று செய்தி வரும்போது, அதில் திருச்சிக்கு எத்தனை என்று கேட்போம்!