உடைந்த கோப்பையும் உவமையும்: தோட்டப்புற இல்லங்களில் ஒரு போதனை மரபு

நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியில் அமைந்தது மம்பாவ். அவ்வட்டாரத் தோட்டப்புறத் தமிழருள் கிறித்தவர் சிறுபான்மையினர். ஆலயம் தொலைவில் இருந்தமையால் வீட்டு ஜெபக்கூட்டமே அவர்தம் சமயக் கல்விக்கூடமாக விளங்கிற்று. அங்கே நாம் அடிக்கடி கேட்ட பேச்சு ஒருவகைப்பட்டது. அடிபிடித்த சோறு, கைதவறி உடைந்த கோப்பை, எண்ணெய் தீர்ந்து அணைந்த விளக்கு என ஏதேனும் ஒரு வீட்டுத் தவற்றில் தொடங்கி, விசுவாசத்தைப் பற்றிய ஓர் அறிவுரையில் அது முடியும். இப்போதனை முறையின் வேரினையும் எல்லையினையும் இங்கு நோக்குவோம்.

வீட்டில் நேரும் சிறு விபத்துக்குப் பொருள் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. பொங்கலன்று பால் பொங்கி வழிவது மங்கலம்; ஏற்றிய விளக்கு தானே அணைவது அமங்கலம். நிகழ்ந்ததைக் கொண்டு நிகழப்போவதை அறிய முயல்வதே சகுனம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இத்தகைய நம்பிக்கைகளை மூடத்தனம் எனக் கண்டித்துச் 'சாஸ்திரக்கும்மி' பாடினார். கண்டிப்பதற்கும் மகளிர் கைகொட்டி ஆடும் கும்மியையே அவர் தேர்ந்துகொண்டமை நமக்குச் சுவையாகப் படுகிறது.

சுவிசேஷங்களிலும் வீட்டு விபத்துகள் நிறைந்துள்ளன. பழைய ஆடையில் இட்ட புதுத்துணி ஒட்டு கிழிசலைப் பெரிதாக்குகிறது. உப்பு சாரமற்றுப் போகிறது. நள்ளிரவில் விருந்தினர் வந்தபோது வீட்டில் அப்பமில்லை. தமிழில் பெயர்த்தோர் இவற்றுக்கு நம் வீட்டுச் சொற்களையே அளித்தனர். விளக்கை மூடும் தானிய அளவைக்குரிய கிரேக்கச் சொல் தமிழில் 'மரக்கால்' ஆயிற்று. திருடர் சுவரைத் துளைத்து நுழைவதைக் 'கன்னமிடுதல்' என்றனர். மண்சுவர் வீட்டில் வாழ்ந்தவனுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

இவற்றுள் தோட்டப்புறத்தில் மிகுதியாக எடுத்தாளப்பட்டது, லூக்கா 15ஆம் அதிகாரத்தின் காணாமற்போன வெள்ளிக்காசு உவமை எனலாம். பத்துக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டெடுத்து, அயலாரை அழைத்து மகிழ்கிறாள். அக்காசு ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒருநாட் கூலிக்கு ஈடானது. மழை பெய்தால் பால்வெட்டு நின்று அன்றைய கூலி போய்விடும் வாழ்வினர்க்கு ஒருநாட் கூலியின் மதிப்பை எவரும் விளக்கத் தேவையில்லை. அயலாரை அழைப்பதும் அவ்வாறே. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் லயத்தில், ஒரு வீட்டார் எதையோ தேடுவது அடுத்த வீட்டார்க்கு முன்பே தெரிந்திருக்கும்!

எனினும் இவ்வுவமையைக் கூறுவோர் பலர் அப்பெண்ணின் கவனக்குறைவையே பாடமாக்குகின்றனர். மூலத்தில் அக்குற்றச்சாட்டு இல்லை. காசு ஏன் தொலைந்தது என்னும் வினாவே அங்கு எழவில்லை. தேடுதலும் கண்டடைதலுமே அதன் பொருள். தேடுகின்ற அப்பெண்ணோ இறைவனுக்கு உவமை. காரணம் தேடத் தொடங்கும்போது, போதகர் தாம் கைவிட்டதாக எண்ணும் சகுனத்திற்கே வேறு வழியாகத் திரும்பிவிடுகிறார். சகுனம் வருவதைச் சொல்லும். இப்பேச்சு போனதற்குப் பழி சொல்லும். வேறுபாடு அவ்வளவே.

கோப்பை உடைந்தவரை இப்பிழை பெரிதாகத் தோன்றாது. பல ஆண்டுகளுக்கு முன் மம்பாவ் பகுதியில் ஒரு வீட்டில் கொதிநீர் கவிழ்ந்து குழந்தையின் கால் வெந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பேசியவர், அவ்வீட்டார் இரு வாரம் ஜெபத்துக்கு வராமையை நினைவூட்டினார். தாய் தலைகுனிந்திருந்தார். நாம் அங்கிருந்தும் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி வருகிறது. மாண்டவர்கள் எருசலேமின் மற்றவரினும் பெரிய பாவிகளோ என வினவி, அல்லர் என இயேசுவே மறுக்கிறார். கேட்போர் தத்தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளுமாறு அழைக்கிறார். அப்பகுதியை அன்று எவரும் வாசிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின், பின்வரிசையிலிருந்த முதிய பெண்மணி ஒருவர் அத்தாயிடம் குழந்தை என்ன சாப்பிட்டது என்று மட்டும் கேட்டார். பின்னர்த் தம் வீட்டுக்குச் சென்று, கஞ்சிச் சட்டியுடன் அவ்வீட்டுப் படியேறினார்.