வீடு திரும்பும் லொறி: ஏற்றுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஒரு குடும்பம் ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயர்வது உலகெங்கும் நாளாந்தம் நிகழும் சாதாரண நிகழ்வாகும். எனினும், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களைப் பொறுத்தவரையில், தாம் தெரிவுசெய்த நாளில், தாம் தெரிவுசெய்த ஊருக்கு, வீட்டுப் பொருட்களை ஆறுதலாக அடுக்கி எடுத்துச் செல்வதென்பது நீண்ட காலமாகக் கிடைக்காதிருந்த ஒரு வாய்ப்பாகும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ். நகர முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த உடைமைகள் அனைத்தும் அங்கேயே விடப்பட்டன. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் நகரை நெருங்கிய வேளையில், புலிகளின் அறிவிப்பை அடுத்து வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். காரணங்களும் சூழ்நிலைகளும் வேறு வேறானவை. ஆயினும், கையில் எடுக்க முடிந்தது மட்டுமே உடைமை என்ற நிலையை இரு சமூகங்களும் அறிந்துள்ளன.

வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி ஆகிய இடங்களில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்தனர். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது சில குடும்பங்கள் ஊரைப் பார்க்கச் சென்றன. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிவுற்று வீதி திறக்கப்பட்டதன் பின்னரே பொருட்களுடன் திரும்புதல் இயலக்கூடியதாயிற்று. அவ்வாறு திரும்புவோர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு மட்டுமன்றி, கொழும்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ குடாநாட்டுக்குக் குடிபெயரும் எவருக்கும் பயன்படும் சில விடயங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது லொறியின் அளவன்று, லொறி செல்ல வேண்டிய நாளாகும். வீட்டின் கூரை, கிணறு, கழிவறை, மின்னிணைப்பு ஆகிய நான்கும் பயன்படும் நிலைக்கு வராத வரையில் முழு வீட்டையும் ஏற்றிச் செல்வது பெரும் தவறாகும். நீண்ட காலம் பாழடைந்து கிடந்த வளவின் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும். ஆகவே, குடும்பத்தில் ஓரிருவர் முன்கூட்டியே சென்று இவ்வேலைகளை முடித்து, பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதியையும் உறுதிப்படுத்திய பின்னர் லொறி புறப்படுவதே முறையாகும். மழையில் நனைந்த மெத்தைகளுடன் கூரையற்ற வீட்டின் முன் நிற்கும் குடும்பம், சில வாரங்களில் மீண்டும் புத்தளத்திற்கே திரும்பிவிடும். அதற்கான லொறிக் கூலியையும் அக்குடும்பமே சுமக்க வேண்டியிருக்கும். வடக்கில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதால் அம்மாதங்களைத் தவிர்ப்பது நன்று.

அடுத்தது எடைக் கணக்கு. நமது மக்கள் லொறியின் கொள்ளளவை இடத்தைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். இடம் மீதமிருந்தால் இன்னும் ஏற்றலாம் என்று எண்ணுகின்றனர். ஆனால், வாகனத்தைச் சரிப்பதும், தடுப்பைப் பலவீனமாக்குவதும், சில்லை வெடிக்கச் செய்வதும் எடையே. ஒரு சீமெந்துப் பை 50 கிலோகிராம். 20 பைகள் சேர்ந்தால் ஒரு தொன். இதை மனதிற்கொண்டு ஒவ்வொரு பொருளையும் மதிப்பிடலாம். ஒரு மர அலுமாரி இரண்டு பைகளுக்குக் குறையாது. அம்மி, ஆட்டுக்கல், நூல் நிறைந்த பெட்டிகள் ஆகியன பார்வைக்குச் சிறியவையாயினும் எடையில் பெரியவை. வீட்டைத் திருத்துவதற்கென ஓடுகளையும் அதே லொறியில் ஏற்றுவது சிலரது எண்ணமாக உள்ளது. ஆயிரம் ஓடுகள் இரண்டு தொன்னுக்கு மேற்பட்டவை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். கட்டடப் பொருட்களை யாழ்ப்பாணத்திலேயே வாங்குவதோ தனி வாகனத்தில் அனுப்புவதோ சிறந்தது.

இலங்கையில் லொறிகள் பெரும்பாலும் சாரதியுடனேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. குடும்பத்தவர் ஒருவரே ஓட்டுவதாயின், அவரது சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பைக் கவனிக்க வேண்டும். வானோ சிறிய 'பட்டா' வாகனமோ ஓட்டப் பழகியவர், 'கன்டர்' போன்ற லொறியை அதே அனுமதிப்பத்திரத்தில் ஓட்ட இயலாது. மொத்த எடை 3,500 கிலோகிராமைத் தாண்டும் லொறிக்கு வேறு வகுப்பு உண்டு. தகுதியற்றவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. மேலும், வாகனத்திற்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, ஏற்றப்பட்ட பொருட்களுக்கு ஈடு வழங்குவதில்லை என்பதும் பலர் அறியாதது.

வாடகையைப் பேசும்போது எரிபொருள், ஏற்றுகூலி, இறக்குகூலி, காத்திருப்பு நேரம், சாரதிக்கும் உதவியாளருக்குமான சாப்பாடு ஆகியவை அடங்குமா என்பதைத் தெளிவாகப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வது சச்சரவைத் தவிர்க்கும். யாழ்ப்பாணத்து வெங்காயத்தையும் மரக்கறியையும் தெற்கில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறி கிடைக்குமாயின் கூலி கணிசமாகக் குறையும். ஏனெனில், வெறும் லொறியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் செலவு அப்போது நம் தலையில் விழாது.

ஏற்றும் முறை இனி. அதிக எடையுள்ளவை அடியிலும், சாரதி ஆசனத்துக்குப் பின்னுள்ள முன்பலகையை ஒட்டியும் இருத்தல் வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சாரதி திடீரெனத் தடுப்பை அழுத்தும்போது பொருட்கள் முன்னோக்கியே பாயும். இடைவெளி இருந்தால் அவை வேகமெடுத்து வந்து மோதும். இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் பலகை அவற்றைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, பின்சில்லுக்கு அப்பால் எடை கூடினால் முன்சில்லின் மீதுள்ள அழுத்தம் குறைந்து, திருப்பும் வளையம் சொற்கேளாததாகிவிடும். இடமும் வலமும் எடை சமமாக இருப்பதும், சுமை உயராதிருப்பதும் வளைவுகளில் லொறி சரியாதிருக்க உதவும்.

கண்ணாடிகளையும் பீங்கான் தட்டங்களையும் படுக்கவைக்காது விளிம்பில் நிறுத்தி, துணிகளையும் தலையணைகளையும் இடையில் திணிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். தவிர்க்க முடியாது சாய்த்திருந்தால், இறக்கி நிமிர்த்திச் சில மணிநேரம் கழிந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றித் தனியே சுற்றுவது நல்லது. எரிவாயுச் சிலிண்டரை இறுக மூடி நிமிர்த்திக் கட்ட வேண்டும். மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் ஏற்றவே கூடாது. திருக்குர்ஆன் பிரதிகளையும் ஏனைய புனித நூல்களையும் சுமையின் அடியில் இடாது கைப்பெட்டியில் வைத்துக்கொள்வர் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்றுக என்பது பழகியவர்களின் விதி. வாளி, கயிறு, துடைப்பம், விளக்கு, பாய், ஒரு நேரச் சமையலுக்கான பாத்திரம், குடிநீர் ஆகியன கதவருகே இருக்குமாயின், இறங்கிய அன்றிரவே வீடு வீடாகிவிடும். அனைத்தையும் ஏற்றிய பின்னர் படங்கினால் மூடி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் இறுக்க வேண்டும். வாகனம் குலுங்கக் குலுங்கச் சுமை அடங்கிக் கயிறு தளரும் என்பதால், புறப்பட்டு 20, 30 கிலோமீற்றருக்குள் ஒருமுறையும், அனுராதபுரத்தில் மறுமுறையும் நிறுத்திப் பரிசோதித்தல் அவசியம்.

லொறியில் ஏற்றக்கூடாதவையும் உண்டு. காணி உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற கடிதங்கள், நகை, மருந்து ஆகியவை குடும்பத் தலைவியின் அல்லது தலைவரின் கையில் இருக்க வேண்டும். 1990 இல் உறுதியை விட்டுச் சென்றவர்கள், தமது வளவு தமதே என்று நிறுவுவதற்குப் பட்ட பாடு இன்னும் மறக்கப்படவில்லை. பொருட்களின் மீது பிள்ளைகளையோ கூலியாட்களையோ ஏற்றிச் செல்வதும் கூடவே கூடாது. குடும்பத்தவர் பேருந்திலோ வானிலோ வரலாம்.

பாதையைப் பொறுத்தவரை, புத்தளத்திலிருந்து அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சுமார் 270 கிலோமீற்றர். மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பி, பூநகரி ஊடாக 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து வருவது மாற்று வழியாகும். வில்பத்துக் காட்டினூடாக மன்னாருக்குச் செல்லும் பழைய பாதை தூரத்தில் குறைவு எனினும், சுமையேற்றிய லொறிக்கு அதனைக் கணக்கில் கொள்ளலாகாது. சுமையுடன் மணிக்குச் சராசரியாக 35 முதல் 40 கிலோமீற்றர் வேகமே கைகூடும் என்பதால் பயணம் ஏழெட்டு மணிநேரம் பிடிக்கும். சுபஹுத் தொழுகையை முடித்து, நன்கு விடிந்த பின் புறப்பட்டால் பிற்பகலில் வந்துசேர்ந்து, வெளிச்சத்திலேயே பொருட்களை இறக்கலாம்.

இருளில் புறப்படாமைக்கு வேறு காரணங்களும் உள்ளன. புத்தளம் - அனுராதபுரம் வீதியில் விடியற்காலையிலும் அந்தியிலும் யானைகள் குறுக்கிடுகின்றன. வவுனியாவுக்கு வடக்கே இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கின்றன. அப்பகுதியில் வீதி நேராக நீள்வதால் சாரதிக்கு உறக்கமும் வரும். அளவுக்கு மீறிய வேகமும் வரும். வேகம் 40 இலிருந்து 60 ஆக உயரும்போது, தடுப்பை அழுத்திய பின் வாகனம் ஓடும் தூரம் இரண்டு மடங்கிற்கும் அதிகமாகிறது. இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை இறங்கி ஓய்வெடுப்பது சோம்பலன்று, கடமையாகும். ஆனையிறவில் இருபுறமும் வெளியாக இருப்பதால், சோழகக் காற்றுக் காலத்தில் உயரமான சுமை ஆடும். அவ்விடத்தில் மெதுவாகச் செல்ல வேண்டும். போர்க்காலக் கண்ணிவெடிகள் அடர்ந்து புதைக்கப்பட்டிருந்த முகமாலைப் பகுதியில், வீதியை விட்டு இறங்கிப் பற்றைக்குள் செல்வதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

யாழ். நகரை அடைந்த பின் எதிர்ப்படுவது ஒழுங்கைகள். ஐந்து சந்திப் பகுதியிலும் அதனைச் சூழவுள்ள தெருக்களிலும் பெரிய லொறி திரும்புவது கடினம். தாழத் தொங்கும் மின்கம்பிகளும் மதில்களும் தடையாகலாம். முன்கூட்டியே பாதையை அளந்து பார்த்து, வேண்டுமாயின் பிரதான வீதியில் லொறியை நிறுத்தி, 'பட்டா'விலோ லான்ட்மாஸ்டரிலோ மாற்றி ஏற்றுவதற்கு ஒழுங்கு செய்தல் வேண்டும்.

இவை யாவும் குடும்பங்கள் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியதும் உண்டு. வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்திற்கு ஒரு சீரான அரச கொள்கை தேவையென, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை வலியுறுத்தியது. அக்கொள்கையில் வீடும் காணியும் போலவே, பொருட்களைக் கொண்டுவரும் செலவும் இடம்பெறுவது நியாயமானது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திற்கு லொறி வாடகை என்பது பல வாரச் சம்பாத்தியமாகும். அப்பணம் இன்மையாலேயே பாதிக் குடும்பம் இங்கும் பாதிக் குடும்பம் அங்குமாக வாழும் நிலை நீடிக்கலாகாது.

அயலவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. லொறி வந்து நிற்கும் தெருவில் நால்வர் கூடி ஒரு அலுமாரியை இறக்கிக் கொடுப்பதற்கும், முதல் நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுப்பதற்கும் எந்த ஆணைக்குழுவின் பரிந்துரையும் தேவையில்லை. 1995 இல் தென்மராட்சி மக்கள் தம் வீட்டு வாசல்களைத் திறந்ததனாலேயே வலிகாமத்து மக்கள் அம்மழைக்காலத்தைக் கடந்தனர். 1990 இல் புத்தளத்து மக்கள் தம் வளவுகளில் இடம் கொடுத்ததனாலேயே வடபுல முஸ்லிம்கள் தலைசாய்க்க இடம் பெற்றனர். அந்தக் கடனை இன்று திரும்பி வருவோரிடம் தீர்ப்பது குடாநாட்டு மக்கள் அனைவரதும் பொறுப்பாகும்.