இரண்டு பெயருள்ள ஊர்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் சண்டைதானே மிஞ்சும்? விக்கிப்பீடியா என்றதும் பலர் கேட்பது இதைத்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

சண்டை வரத்தான் செய்கிறது. 2001 ஜனவரியில் தொடங்கிய நாளிலிருந்து அது ஓய்ந்ததே இல்லை. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ‘வரலாறு’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் வரிசையாக வரும். பழைய வடிவத்தை ஒரே சொடுக்கில் மீட்டுவிடலாம். நாசவேலையைச் சரிசெய்ய இது பெரிய வசதி. ஆனால் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதை இன்னொருவர் அதே சொடுக்கில் இல்லாமல் ஆக்கவும் முடியும். முதலாமவருக்குக் கோபம் வரும், திரும்ப மீட்பார். மற்றவரும் விடமாட்டார்.

அதனால்தான் ஆங்கில விக்கிப்பீடியாவில் மூன்று முறை விதி வந்தது. ஒரே பக்கத்தில், 24 மணி நேரத்துக்குள், ஒருவர் மூன்று முறைக்கு மேல் மற்றவர்களின் திருத்தத்தைத் தள்ளிப் பழையபடி ஆக்கினால் அவரைத் தடைசெய்யலாம். வெளிப்படையான நாசவேலையை நீக்குவது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி “நான் எழுதியதுதான் சரி” என்ற வாதம் எடுபடாது.

கை ஓய்ந்த பிறகு போகவேண்டிய இடம் கட்டுரையோடு ஒட்டியிருக்கும் பேச்சுப் பக்கம். பேராசிரியரும் பள்ளி மாணவரும் அங்கே ஒன்றுதான். எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று காட்ட வேண்டும். சான்றுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் பெயரோடு எழுத வேண்டும். இலங்கைப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அந்தப் போர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் மோதல் ஓயவில்லை. இரு தரப்பிலிருந்தும் வெளியிலிருந்தும் சிலர் சேர்ந்து நல்லிணக்கத்துக்கென்றே ஒரு திட்டக்குழு அமைத்தார்கள். எந்தச் செய்தித்தளம் எந்தப் பக்கம் சார்ந்தது என்று பேசி முடிவுசெய்து, அதிலிருந்து எடுக்கும் தகவலை அதன் பெயரைச் சொல்லியே எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய காரியமாகப் படுகிறது.

நான் அடிக்கடி எடுத்துச்சொல்லும் வழக்கு போலந்தின் துறைமுக நகரமொன்றைப் பற்றியது. போலிஷ்காரர்களுக்கு அது கதான்ஸ்க், ஜெர்மானியர்களுக்கு டான்ட்சிக். 1308-இல் டியூட்டானிக் அமைப்பின் ஜெர்மன் வீரர்கள் கைப்பற்றினார்கள், பிறகு போலந்து மன்னரின் கீழ் வந்தது, 1793-இல் பிரஷ்யாவுக்குப் போனது, இரு உலகப் போர்களுக்கு இடையே தனி நகர அரசாக இருந்தது, 1945-க்குப் பிறகு மீண்டும் போலந்துக்கு வந்தது. எந்தப் பெயரை எழுதுவது? ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் வாக்கெடுப்பு வைத்தபோது, எது சரியான பெயர் என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காமல், காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாக வாக்குக் கேட்டார்கள். 1308 முதல் 1945 வரை டான்ட்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடிவானது. வெப்பநிலை அளவுகோலுக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட் 1686-இல் பிறந்தது டான்ட்சிக்கில். தொழிற்சங்கத் தலைவர் லெக் வலேசா 1980-இல் வேலைநிறுத்தம் நடத்தியது கதான்ஸ்க்கில். முதல்முறை வரும் இடத்தில் மற்றப் பெயரையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. யாருக்கும் முழு வெற்றி இல்லை, ஆனால் படிப்பவருக்கு அந்த ஊரின் வரலாறே தெரிந்துவிடுகிறது.

இந்த வாக்கெடுப்பு ஒரு விதிவிலக்கு, வழக்கமாக விக்கிப்பீடியாவில் தலை எண்ணுவதில்லை. இருவர் மல்லுக்கட்டினால் மூன்றாமவர் ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் எல்லோரையும் கருத்துச் சொல்ல அழைப்பார்கள். பொதுவாக 30 நாள் திறந்திருக்கும். பிறகு தகராறில் சம்பந்தப்படாத ஒருவர் முழுவதையும் படித்து, எந்த வாதத்துக்குச் சான்று பலமாக இருக்கிறது என்று பார்த்து முடித்துவைப்பார்.

கடைசிப் படி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் இயங்கும் நடுவர் குழு. அதில் இருப்பவர்களும் தன்னார்வலர்கள்தான், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்தக் குழு எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வதில்லை. யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே விசாரிக்கிறது. மிரட்டினாரா, கூட்டம் சேர்த்தாரா, பேச மறுத்தாரா? அப்படியானால் அவரை அந்தப் பொருளிலிருந்து விலக்கிவைக்கலாம். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் அந்த அமைப்பின் மிகச் சரியான முடிவாகத் தெரிகிறது. பத்துப் பதினைந்து பேர் கையில் உண்மையை ஒப்படைத்திருந்தால், எல்லாச் சண்டையும் அந்தப் பதவிகளைப் பிடிக்கும் சண்டையாகப் போயிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நேரமும் பிடிவாதமும் உள்ளவர் நீடிக்கிறார், புதிதாக வந்தவர் முதல் அடியிலேயே போய்விடுகிறார். தமிழ் விக்கிப்பீடியா போன்ற சிறிய இடத்தில் தொடர்ந்து எழுதுபவர்கள் குறைவு. தகராறில் சம்பந்தப்படாத ஒருவரைத் தேடிப்பிடிப்பதே அங்கே கஷ்டம். பொது விஷயங்களைப் பேச ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள், அங்கே கேட்கலாம்.

நீங்கள் எழுதியதை யாராவது நீக்கினால் உடனே திருப்பிப் போடாதீர்கள். முதலில் வரலாற்றைத் திறந்து, நீக்கியவர் காரணம் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதற்குச் சான்றோடு பேச்சுப் பக்கத்தில் பதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே காரணம் கேளுங்கள். புதியவர் ஒருவரின் வரியை நீக்குபவர் நீங்களாக இருந்தால், ஏன் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள்.