எரிவாயு வராத மின் நிலையம்

கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியவில் உள்ள யுகதனவி அனல் மின் நிலையத்தின் திறன் 300 மெகாவாட். 2008-இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கி, 2010-இல் நிலையம் முழுமை பெற்றது. பிற்பாடு இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடுதான் அதைக் கட்டினார்கள். ஆனால் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் அது உலை எண்ணெயைத்தான் எரித்துக்கொண்டிருந்தது. எண்ணெயிலோ எரிவாயுவிலோ ஓடும் நிலையத்துக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு, அதன் ஆயுள் முழுவதும் எரிக்கப்படும் எரிபொருளுக்கே போகிறது. அந்த எரிபொருள் எந்த வழியில், என்ன விலையில், யார் பொறுப்பில் வரும் என்று முடிவாகாமல் இயந்திரத்தை நிறுவினால், பெரிய செலவைக் கணக்கில் எழுதாமலே சிறிய செலவுக்குக் கையெழுத்திட்டதாக ஆகிவிடும். இலங்கை அப்படித்தான் செய்தது. அதன் விலையை மின்கட்டணம் கட்டும் மக்கள் கொடுத்து வருகிறார்கள்.

எந்த எரிபொருளாக இருந்தால் என்ன, மின்சாரம் ஒன்றுதானே என்று தோன்றலாம். இயந்திரத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. யுகதனவி ஓர் ஒருங்கிணைந்த சுழற்சி நிலையம். அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருளை எரித்து, அந்தச் சூடான வாயுவால் இரண்டு டர்பைன்களைச் சுழற்றுகிறார்கள். அவற்றிலிருந்து வெளியேறும் வாயுவில் இன்னும் நிறைய வெப்பம் மிஞ்சியிருக்கும். அதைக் கொண்டு நீராவி உண்டாக்கி மூன்றாவது டர்பைனை ஓட்டுகிறார்கள். கூடுதல் எரிபொருள் இல்லாமலே மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு இப்படிக் கிடைக்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் தூய எரிபொருள் கிடைத்தால்தான் அதன் முழுப் பலன் கைக்கு வரும். உலை எண்ணெய் கெட்டியானது; சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். அதிலுள்ள வனேடியம் என்ற உலோகம் எரியும்போது ஆக்சைடாகி, உருகி, டர்பைன் இறக்கைகளில் படிந்து அவற்றை அரிக்கும். அதைத் தடுக்க மக்னீசியம் சேர்த்தால் அரிப்பு குறையும், ஆனால் சாம்பல் படியும். அந்தச் சாம்பலைக் கழுவ இயந்திரத்தை அவ்வப்போது நிறுத்தியாக வேண்டும். எரிவாயுவில் இந்தத் தொல்லைகள் இல்லை. கந்தகப் புகை அநேகமாக இல்லை; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு நிலக்கரியில் வெளியேறுவதில் ஏறத்தாழப் பாதியளவே.

இவ்வளவு நன்மை இருந்தும் எரிவாயு ஏன் வரவில்லை? அரசியல் இழுபறி ஒரு காரணம். 2021 செப்டம்பரில் நியூ ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு, அரசிடம் இருந்த, நிலையத்தின் 40 சதவீதப் பங்கை விற்கவும் எரிவாயு வாங்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையை அரசின் அமைச்சர்களே எதிர்த்தார்கள்; விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் இதைவிட ஆழமான காரணம் கணக்கில் இருக்கிறது. எரிவாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால், கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படித்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதை இறக்கவும், மீண்டும் வாயுவாக்கவும் தனி முனையம் வேண்டும். முனையம் கட்டுபவர் ஆண்டுதோறும் இவ்வளவு வாங்குவோம் என்ற உறுதியைக் கேட்பார். இலங்கையோ மழையை நம்பிய நாடு. நீர்த்தேக்கங்கள் நிரம்பிய ஆண்டில் அனல் மின்சாரத்தின் தேவை சுருங்கும். வறண்ட ஆண்டில் பெருகும். அளவும் சிறிது, அதுவும் நிலையற்றது. இந்த முடிச்சை அவிழ்க்காமல், அதே கெரவலப்பிட்டியவில் 350 மெகாவாட் சோபாதனவி நிலையத்தையும் கட்டினார்கள். 2024-இல் அதுவும் எண்ணெயில்தான் ஓடத் தொடங்கியது.

எரிவாயுவுக்காகக் காத்திருந்தால் அன்று மின்சாரமே இருந்திருக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நுரைச்சோலையின் நிலக்கரி நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதே 2011-இல்தான். அதற்கு முந்திய ஆண்டுகளின் நெருக்கடிக்கு எண்ணெய் கைகொடுத்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகளுக்கென்று செய்த ஏற்பாடு நிரந்தரமானதற்கு அந்த நெருக்கடி காரணமாகாது. 2022 மார்ச் கடைசியில் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, ஓட்டுவதற்கு இயந்திரங்கள் இருந்தன; ஊற்றுவதற்கு எண்ணெய் இல்லை.

எரிவாயுவுக்கும் டாலர்தானே வேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதே 2022-இல் விலை எகிறியபோது வங்கதேசம் உடனடிச் சந்தையில் எரிவாயு வாங்குவதை நிறுத்தி மின்வெட்டை ஏற்றது. ஆகவே எரிவாயு வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டிலும், மன்னார்ப் படுகையில் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய கிணறுகளில் எரிவாயு தென்பட்டது. ஆனால் எடுக்கப்படாத வாயுவை நம்பி இன்றைக்குத் திட்டம் போட முடியாது. என் வாதம் குறுகியது: எந்த எரிபொருளானாலும், அதன் வழியும் விலையும் இயந்திரத்துக்கு முன்பே முடிவாக வேண்டும்.

சூரியனும் காற்றும் இருக்க இந்தப் பேச்சே எதற்கு என்றும் கேட்கலாம். 2030-க்குள் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது இலங்கையின் இலக்கு. அது வேண்டிய இலக்குதான். ஆனால் 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கம்பிகளைத் தொட்டதில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழலும் இயந்திரங்கள் அந்நேரம் போதவில்லை. மின்கல அமைப்புகள் இந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்கும். மாலையில் வெயில் போன பின்பும், வறண்ட மாதங்களிலும் விரைவாக ஏறி இறங்கக்கூடிய டர்பைன்கள் இன்னும் சில காலம் தேவைப்படும். அப்படியானால் கேட்க வேண்டிய எரிவாயுவின் அளவும் வேறு. கெரவலப்பிட்டியவின் இரண்டு நிலையங்களும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் களனிதிஸ்ஸ மின் நிலையமும் ஒரே குழாய்வழியில் சேரலாம். மூன்றின் தேவையையும் கூட்டி, மழை நல்ல ஆண்டில் குறைத்து வாங்க இடம்தரும் ஒப்பந்தத்தைப் போட்டி ஏலத்தில் தேட வேண்டும். அந்த ஒப்பந்தம் பொதுமக்கள் படிக்கும்படி வெளியாகும்வரை, எரிவாயுவின் பெயரைச் சொல்லி வரும் எந்தப் புதிய நிலையத்துக்கும், மின் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒப்புதல் கொடுக்கக் கூடாது.