குரூசோ தீவின் செஞ்சிட்டு

ரீங்காரச் சிட்டைப் பற்றி எழுத வேண்டுமென்று திருநெல்வேலி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பூவின் முன் அந்தரத்தில் நிற்கும் அதன் சாமர்த்தியத்தைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆகையால், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே வாழாத அக்குலத்தில், சிலி தேசத்துக் கரைக்கு அப்பால் சுமார் 670 கிலோமீட்டர் தொலைவில், ராபின்சன் குரூசோ என்னும் ஒரே தீவில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு ஜாதியைப் பற்றிச் சொல்லவே விரும்புகிறேன். செல்கிர்க் என்ற மாலுமி 1704 முதல் 1709 வரை தன்னந்தனியே காலம் தள்ளிய தீவு அதுதான்.

இப்பறவையின் விசித்திரம் ஆண் பெண் பேதத்தில் இருக்கிறது. ஆணுக்கு உச்சந்தலையில் பொன்னொளி, உடலெங்கும் துருவேறிய செம்பின் வர்ணம். பெண்ணுக்கோ முதுகு நீலம் கலந்த பச்சை, வெண்மையான வயிற்றில் பச்சைப் புள்ளிகள், தலையில் நீலச் சுடர். இரண்டையும் தம்பதிகள் என்று சொன்னால் யார் நம்புவார்? 1831-இல் இவற்றை வர்ணித்த கிங் என்ற கப்பல் தலைவரும் நம்பவில்லை. ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றுமாக இரண்டு சாஸ்திரப் பெயர்களைச் சூட்டிவிட்டார். அந்தரத்தில் நின்றே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் இதற்கில்லை; வலிய கால்களால் இலையைப் பற்றிக்கொண்டு நிதானமாகத் தேன் குடிப்பதும் உண்டு.

மனிதன் கொண்டுபோய் விட்ட ஆடும் முயலும் தீவின் செடிகளை மேய்ந்தன; பூனை பறவையையே தின்றது. அவற்றினும் கொடியது முள். வேலிக்கும் விறகுக்கும் ஆகுமென்று விதைத்த சீமைக் கருவேலம் எங்கள் ஊர்க் கண்மாயை விழுங்கியதைப் பார்த்தவன் நான். விதைத்தவர்களில் ஒருவரும் பிறகு அரிவாளோடு அந்தப் பக்கம் வந்ததில்லை. அங்கேயும் வெளியிலிருந்து வந்த பிளாக்பெர்ரி முட்புதரும் மாக்கி மரமும் மலைச்சரிவுகளை அடைத்துக்கொண்டு, இச்சிட்டு கூடு கட்டும் லூமா மரங்களின் கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. அதே தீவுக்கூட்டத்தின் மற்றொரு தீவில் இருந்த இனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழிந்துபோயிற்று.

தீவுக்கே உரிய, ஆரஞ்சு நிறப் பூக்கொத்துகளுள்ள கோஸ் மரத்தை ஊர் மக்கள் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். பருவத்தில் சிட்டுகள் அங்கே வந்து தேன் குடிக்கின்றன, பூனைகளும் அங்கேதான் காத்திருக்கின்றன. மரம் நட்டது மெச்சத்தக்கதே என்றாலும், பூனையை அடக்காமலும் மலையில் முள்ளை வருஷந்தோறும் வெட்டாமலும் விட்டால், அந்தப் பிரயாசை பாதி வேலைதான் என்பது என் அபிப்பிராயம்.