எட்டு மணியா, ஒன்பது மணியா? குழுக் கடன் வசூலில் சட்டம் சொல்வதும் தெருவில் நடப்பதும்

மார்ச் 31 நெருங்கினால் வசூல்காரர்களின் குரல் மாறிவிடும். ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும். தவணை நின்று 90 நாளைத் தாண்டிய கடனை வாராக்கடனில் எழுத வேண்டும். தலைமை அலுவலகத்தின் அந்த நெருக்கடி வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து வீடுகளில் விடாமல் அடிக்கும் போனாக வந்து இறங்குகிறது. இம்மாத வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: காலை 8 முதல் இரவு 7 வரை கூப்பிடலாம் என்கிறார்கள், 9 முதல் 6 வரைதான் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 8 முதல் 7 என்பது 2022 ஆகஸ்ட் 12-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. வண்டிக் கடன், கிரெடிட் கார்டு போன்றவற்றுக்கு அதுதான் நேரம். நுண்கடனுக்கு வேறு விதி. அது அதே ஆண்டு மார்ச் 14-ல் வந்தது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, அடமானம் எதுவும் வைக்காமல் வாங்கியிருந்தால் அது நுண்கடன். என்ன செலவுக்கு வாங்கினீர்கள், நேரில் வாங்கினீர்களா செல்போனில் வாங்கினீர்களா என்பதெல்லாம் கணக்கில்லை. நம் ஊர்ப் பெண்கள் ‘குழு லோன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதுதான்.

நேரக் கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் ஒரகடம் கம்பெனி வேனில் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணை அந்த நேரத்தில் யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடன் கம்பெனிக்காரர் இல்லை, குழு லீடர். அவருக்கு அடுத்துப் பக்கத்து வீட்டு அக்கா. அவர்களுக்கு 9 மணியும் கிடையாது, 6 மணியும் கிடையாது.

இந்த ஏற்பாட்டைக் ‘கூட்டுப் பொறுப்பு’ என்கிறார்கள். கேட்க நல்ல சொல். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டுவார்கள். அடமானம் இல்லாதவருக்குக் கடன் கிடைக்க இதுவே வழி என்பது நிறுவனங்களின் விளக்கம். அடமானம் இல்லாமல் இல்லை. தெருவில் உங்களுக்கு இருக்கும் மானம்தான் அடமானம். வசூல் ஊழியர் சென்டர் மீட்டிங்கில் லீடர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘எல்லாருடைய டியூவும் வந்தால்தான் நோட்டை மூடுவேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்ச வேலையை மற்ற பெண்களே பார்த்துக்கொள்வார்கள். சமையலுக்குப் போக வேண்டியவள், பிள்ளையைக் கூட்டிவர வேண்டியவள் எல்லாரும் சேர்ந்து கட்டாதவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

மிரட்டக் கூடாது, ஓயாமல் போன் செய்யக் கூடாது, உறவினரையும் நண்பரையும் கூட வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்தக் கூடாது, கடன்காரர் பெயரை வெளியிடக் கூடாது என்று 2022 விதி வரிசையாகச் சொல்கிறது. வீட்டுக்கு வருவதற்கும் நிபந்தனை உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் வராமல் இருந்தால்தான் வீட்டிலோ வேலை இடத்திலோ வந்து கேட்கலாம். ஆனால் அந்த ஒப்புக்கொண்ட இடமே உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வாசல் என்றால்? ஊழியர் உங்கள் படி ஏறவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. தொல்லை கொடுத்தது கம்பெனி அல்ல, சக உறுப்பினர் என்று பதில் எழுதவும் வசதி. நுண்கடன் நிறுவனங்கள் பெருமையாகக் காட்டும் வசூல் விகிதத்தில் இந்தத் திண்ணைக்கு எவ்வளவு பங்கு என்று எந்த ஆண்டறிக்கையும் சொல்வதில்லை.

வங்கதேசத்தில் இந்தக் குழு முறையை உலகத்துக்குக் காட்டிய கிராமீன் வங்கியே பின்னாளில், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பல்ல என்று அறிவித்துவிட்டது. ஆந்திரத்தில் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பெரிதாகி 2010 அக்டோபரில் அவசரச் சட்டமே வந்தது. அதன் பிறகும் திண்ணை அப்படியேதான் இருக்கிறது.

சரி, மற்றவள் தவணையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டுமா? நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. அதில் ஒருவருக்கொருவர் ஜாமீன் என்று இருந்தால் உங்களிடமும் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது நோட்டீஸ் அனுப்பி, தேவைப்பட்டால் நீதிமன்றம் போய்க் கேட்கும் உரிமை. மீட்டிங்கில் பூட்டி வைத்துக் கேட்கும் உரிமை அல்ல. ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். லோன் கார்டில் வட்டி, கட்டணம், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ஒப்புதல், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். பீரோவிலிருந்து அதை எடுத்துப் பாருங்கள். தாமதத்துக்கு அபராதம், கட்டாமல் நிற்கும் தவணைக்கு மட்டும்தான். மொத்தக் கடனுக்கும் போட்டிருந்தால் தவறு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

போலீஸ் பிடித்துப் போகுமா? கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். செக்கோ வங்கிக் கணக்கில் தானாகக் கழியும் தவணையோ பணமில்லாமல் திரும்பினால் மட்டும் தனி வழக்கு வரலாம்.

எங்கே புகார் செய்வது? முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. விவரம் கேட்க 14448.

வக்கீலுக்குப் பணமில்லை? இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

கடன் ஆப்காரன் போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்கிறான்? 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

தண்டல், மீட்டர் வட்டி? 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தபோதும் அந்தச் சட்டம் இருந்தது.

புதுச் சட்டம் வந்ததாமே? வந்தது. கட்டாய வசூலைத் தடுக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. நெருக்கடியில் தோழியின் தவணையை நீங்கள் போட்டுக் கட்டினால், யார் கடனுக்கு யார் கட்டியது என்று எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டாகக் கையெழுத்திட்ட கடனில் தன் பங்குக்கு மேல் கட்டியவர் அதை மற்றவரிடம் கேட்கலாம் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ரசீது இல்லாமல் அதை நிரூபிப்பது கஷ்டம்.